நகைக்கடன் ஜன்னல்

மதியம் பன்னிரண்டே கால்.
குளச்சல் கூட்டுறவு வங்கி, மூன்றாம் ஜன்னல்.
கொரற்றி கழுத்திலிருந்து கழற்றித் தந்தது
இன்னும் சூடாக இருந்தது.

"வெள்ளிக்குக் கடன் இல்லை."
"ஒருக்க பாரும் சாரே, எஞ்சின் பணிக்குக் கெடக்குது.
இது சின்னப்பருக்க சொரூபம்.
கழுத்தில வெட்டு கண்டீரா?"

கண்டேன்.
லென்சைக் கண்ணில் இடுக்கி
முதலில் பார்த்தது மூக்கை:
நெற்றியிலிருந்து நேரே இறங்கி
நுனியில் மழுங்கிப்போன மூக்கு.
தலையைச் சுற்றி முள் அல்ல, இலை.
பிடரியில் நாடாவின் இரண்டு வால்.
விளிம்போடு ஓடும் எழுத்து பாதி தேய்ந்து,
'யு' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வி'.

திருப்பினேன்.
கேடயத்தோடு இரண்டு பையன்கள் நின்றால்
முந்தின ராசா.
இதில் நாற்காலியில் ஒருத்தி,
ஒரு கையில் கோல், மறுகையில் கிளை.
"மாதா" என்றாள் கம்பிக்கு அப்புறமிருந்து.
நான் நாற்காலியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசல் வேலையா, வெறுங்காலா,
அதை வைத்துத்தான் வகை பிரிப்பார்கள்.
கடைசல்.

தராசில் நாலு புள்ளி ஒன்று, வளையத்தோடு.
வளையம் பிந்தியது. ஏதோ தட்டான்
ராசாவின் உச்சந்தலையிலேயே பற்றவைத்துவிட்டான்.
நூலில் கட்டி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன்.
உள்ளே செம்பு இல்லை.

அப்புறம் அந்த வெட்டு.
உளியால் ஒரே போடு.
மிளகு மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்ற எவனோ,
என்னைப்போல் கூலிக்கு உரசிப் பார்ப்பவனோ,
அடியாழம் வரை வெள்ளிதானா என்று
பார்த்திருக்கிறான்.
முகம் யாருடையது என்று அவன் கேட்கவில்லை.

எனக்குத் தெரியும், அதுதான் தொல்லை.
பிலாத்து யாருக்குக் கணக்கு ஒப்பித்தானோ
அந்த ராசா.
பெரிய வெள்ளி தோறும் பாடு வாசித்து முடித்து
இந்த வீட்டில் வரிசையாக முத்தி செய்கிறார்கள்.
மூக்கு மழுங்கியது சந்தையில் அல்ல.

"சின்னப்பர்தானே சாரே?"
"பழைய காசு. ஒரு ராசா."
"பொறத்தால?"
"அவனுக்க அம்மைன்னு சொல்லுவாங்க."

கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு,
"ராசான்னா கடன் தரப்பிடாதா?"

சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
நூலை அவிழ்த்து, சேலைத் தலைப்பில் ஈரம் ஒற்றி,
நாற்காலிக்காரி வெளியே தெரியும்படி
மாட்டிக்கொண்டாள்.
இனி எந்த ஜன்னலுக்குப் போவாளோ.

டம்ளர் மேசையில் இருந்தது.
தாகமாகத்தான் இருந்தது எனக்கும்.
கொட்டவா குடிக்கவா என்று தோன்றாமல்
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.