இரண்டு நட்சத்திரம்

பாலிக் புலாவில் ஏறியவர்
பையில் டுரியான் இருப்பதைச் சொல்லவில்லை.
சொல்லவா வேண்டும்?
மலைப்பாதை முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து ஏறியவர் போட்டது இரண்டு நட்சத்திரம்:
"காடி நாறுது."

ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குக் கீழே, இரவு பதினொன்று.
மூன்று வெள்ளிக்கு வாங்கிய ஆப்பச்சோடாவைப்
பின்சீட்டில் தூவுகிறாள் மங்களேஸ்வரி.
"என்னக்கா, காடிக்கு விபூதியா?"
ஜாகா கேட்கிறான்.
"ஆமா, பேயோட்டுறேன்."

கால்மிதி, டிக்கி, கதவிடுக்கு.
இன்னும் பாதி பாக்கெட் இருக்கிறது.
ஐஸ்பெட்டியில் ஒரு கிண்ணம் வைக்கலாம்.
தொட்டி அடைப்புக்குக் காடியோடு கொட்டலாம்
(அது வேறு காடி).

ஓட்டுநர் சீட்டின் தலைப்பக்கம்
சீராளனின் கோடாரித் தைல வாசம்,
பதினான்கு மாதமாகியும்.

பாக்கெட்டின் வாயை மடித்து
ரப்பர் பேண்டு போடுகிறாள்,
இரண்டு சுற்று.