தட்டு

எண்ணுவது என் வேலை.
குச்சியோடு குச்சியை முட்டவிட்டு
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
மற்றவர்களைக் கிளப்பிவிடுகிறவன்.
பாடியது சிர்க்கா. கிட்டார் இல்போ.
போஸ்டரில் அவர்கள் இருவர் தோளுக்கும் நடுவே
தெரிகிற ஒற்றைக் காது என்னுடையது.

எண்பத்து மூன்றில் எங்கள் முதல் ஆல்பம்
இருபத்தையாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று விற்றது.
கடைசிப் பதினொன்றும்
என் அம்மா வாங்கியவை.

ஹெல்சிங்கியில், ஒரு ஹோட்டல் மாடியில்,
ஊறவைத்த மீன் பரிமாறிய தட்டுகளை ஒதுக்கிவிட்டு
ஆளுக்கொரு தங்கத்தட்டு தந்தார்கள்.
கண்ணாடிச் சட்டம். கீழே பித்தளையில் பெயர்.
என் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
அன்றைக்கு அதைக்கூட
செல்லப்பெயர்போல் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆல்பம் ஒன்பதாயிரம்.
மூன்றாவது எவ்வளவு என்று கம்பெனி சொல்லவில்லை,
அட்டைப்பெட்டிகளாகத் திருப்பி அனுப்பியது.
ஒயுலு போகும் சாலையில், பெட்ரோல் பங்கில்,
தூண்டில் முள்ளுக்கும் கையுறைக்கும் பக்கத்தில்
அதை வைத்து விற்றோம்.
ஒருவர் கேட்டார்:
இதன்மேல் சூடான பாத்திரம் வைக்கலாமா?
இல்போ நிதானமாகப் பதில் சொன்னான்:
வைக்கலாம், ஆனால் வளையும்.

பிறகு வேனின் கியர்பாக்ஸ் போனது.
தங்கத்தட்டை டாம்பெரேயில்
ரைலியின் மதுக்கடைக்கு விற்றேன்.
இப்போது வியாழன்தோறும் அதே கடைக்குப்
பீர் பீப்பாய் இறக்குகிறேன்.

போன ஜனவரி. வெளியே கழித்தல் இருபத்தாறு.
ரைலி கையெழுத்துப் போடப் பேனா தேடிய நேரத்தில்
சுவரைப் பார்த்தபடி நின்றேன்.
நிற்கிற இடத்தில் எண்ணுகிற பழக்கம்.
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
ஊசி சும்மா போகிற வழுவழுப்பான கோடுகள்:
ஒன்று, இரண்டு, மூன்று.
திரும்ப எண்ணினேன்.
மூன்று கோடென்றால் நான்கு பாட்டு.
எங்கள் முதல் பக்கத்தில் ஆறு.

ஸ்க்ரூடிரைவர் கேட்டேன்.
ரைலி ஏன் என்று கேட்கவில்லை.
இங்கே குளிர்காலத்தில்
யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

தங்கப் பெயின்ட்டில் ஊசி
பனியில் லாரிபோல் சிக்கி, இழுத்து, கிளம்பியது.
அக்கார்டியன். ஒரு டாங்கோ.
பாதிச் சளியோடு ஓர் ஆண்குரல்
ஏரிக்கரையில் யாருக்கோ காத்திருந்தது.
பீர் குடித்துக்கொண்டிருந்த மூவரும்
திரும்பிப் பார்க்கவில்லை.

விற்காத தட்டுக்குப் பொன்முலாம் பூசி
விற்றவர்களுக்குப் பரிசாகத் தந்திருக்கிறார்கள்.
சிரிப்பு வந்தது. பிறகு
அவன் மேளக்காரனைக் கேட்டேன்.
இரண்டாம் பாட்டில், ஒவ்வொரு திருப்பத்திலும்
அரை மாத்திரை தாமதிக்கிறான்.
தவறு என்றுதான் முதலில் நினைத்தேன்.
இல்லை, பாடுகிறவனுக்கு மூச்சு போதவில்லை.
அவன் எடுத்து முடிக்கும்வரை
தெரியாத மாதிரி காத்திருக்கிறான்.
சிர்க்காவுக்காக நான் ஒருமுறைகூட
அப்படி நின்றதில்லை.

எங்கள் லேபிளை அவர்களுடையதன்மேல் ஒட்டியிருந்தார்கள்.
கெட்டிலின் ஆவியில் காட்டி உரித்தேன்.
கீழ்த்தாளும் சேர்ந்தே வந்தது.
மிஞ்சியது பெயரின் கடைசித் துண்டு,
"னென்".
இந்த நாட்டில் பாதிப்பேர்
அப்படித்தான் முடிகிறோம்.

ரைலி கேட்டாள்: மாட்டட்டுமா, தூக்கிப் போடட்டுமா?
மறுபக்கம் இருக்கிறது என்றேன்.
லாரி தெருவில் உறுமிக்கொண்டிருந்தது,
நிறுத்தினால் இந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது.
தட்டைத் திருப்பிப் போட்டேன்.
பார் மேசைமேல் இரண்டு விரல் வைத்து
இந்தமுறை எண்ணாமல்
அவன் தொடங்கட்டும் என்று இருந்தேன்.