மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா

இரவு பத்தரைக்குப் பிறகு என் பெயர் நேட்டலி.
தர்மிலா என்றால் மூன்று தரம் கேட்பார்கள்,
ஓர் அழைப்புக்கு ஏழு நிமிடம்தான் கணக்கு.
கொள்ளுப்பிட்டி, ஐந்தாம் மாடி.
ஏசி பதினெட்டில் நிற்கிறது,
ரிமோட் ரிஃப்காவின் லாச்சிக்குள்.
கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு
லீட்ஸில் குளிர்கிறவர்களோடு கதைக்கிறேன்.

நான் விற்பது ஆட்களை.
ரேடியேட்டர் திருத்த ஆள், கழற்ற ஆள்,
புதிது பூட்டி, பழையதைத் தூக்கிக்கொண்டு போக ஆள்.
நான் ஒன்றையும் தொட்டதில்லை.
பயிற்சி வகுப்பில் காட்டிய படத்தில்
சுவரோடு சாய்த்த இரும்புப் பாய் மாதிரி இருந்தது.
உள்ளே சுடுதண்ணீர் ஓடுமாம்.
வீட்டைச் சூடாக்கக் காசு கட்டுவார்களாம்.
அம்மாவுக்குச் சொன்னேன்.
"விசரே அவங்களுக்கு?" என்றா.

ஆனால் நோய் தெரியும்.
மேல் பக்கம் குளிர்ந்தால் உள்ளே காற்று.
கீழ்ப் பக்கம் குளிர்ந்தால் அடியில் சேறு.
முழுக்கக் குளிர்ந்தால் வால்வு,
அல்லது கட்டாத பில்;
அதை மட்டும் பணிவாகக் கேட்க வேண்டும்.
ஒழுகினால் கேட்கவே தேவையில்லை,
கேக் தட்டில் தண்ணீர் விழும் சத்தம்
ஆறாயிரம் மைல் தாண்டி என் காதுக்குள் சொட்டும்.

நேற்று இரண்டு மணிக்கு ஒருவர்.
பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்,
இருபது வருடம் சொல்லிப் பழகிய வேகத்தில்:
சபாநடேசன்.
நான் நேட்டலியாகவே இருந்தேன்.
மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.
"ஒரு நிமிடம்" என்றார்,
பிறகு ஏதோ கனமாக விழுந்தது.
"ஐயோ, என்ரை கால்!"

"அண்ணை, அந்த ஸ்பானரை வையுங்கோ.
முதல்ல வால்வைப் பூட்டுங்கோ, வலப்பக்கம்."

சொட்டுச் சத்தம் மட்டும்.
பிறகு, மெதுவாக: "பிள்ளை எவடம்?"
"வெள்ளவத்தை."
"அது இருக்கிற இடம். எவடம்?"
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.
அவரும் விட்டுவிட்டார், விலைக்கு வந்தார்:
"எங்கட ஆக்கள்தானே, பாத்துக் குறைச்சுப் போடும்."

விலை என் கையில் இல்லை.
கையில் இருந்ததைக் கொடுத்தேன்:
எங்களை மட்டும் நம்பாதேங்கோ, மூன்று பேரிட்டை விலை கேளுங்கோ.
பழையதை ஏத்திக்கொண்டு போறதும் கணக்கிலயோ எண்டு கேளுங்கோ.
அளக்கிறது குழாயில இருந்து குழாய்க்கு, ஓரத்துக்கு ஓரம் இல்லை.
காப்புறுதிக் கடுதாசி காட்டாதவனை உள்ளுக்கு எடுக்காதேங்கோ.
முழுக் காசையும் முன்னுக்குக் குடுக்காதேங்கோ.
மச்சான்ரை பெடியன் செய்வான் எண்டு மட்டும் விட்டிடாதேங்கோ.

கடைசிக்குச் சிரித்தார்.
"அவன்தான் போன மாசம் பூட்டினவன்."

பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிஃப்கா விரலை உயர்த்தினாள்.
தாளில் எழுதியிருந்தாள்:
மொழி பிழை. நேரம் பிழை. பதிவு சரி,
நாளை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்.

எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்
அங்கே நிச்சயமாக ஒருவன் கதவைத் தட்டுவான்.
என் அறையில் மின்விசிறி இரண்டில் இறுகி மூன்று கிழமை.
சுமித் பாஸ் ஒவ்வொரு நாளும் சொல்கிறார்:
"ஹெட எனவா, மிஸ்."

காலையில் நூறாம் இலக்க பஸ்.
எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது,
முழங்கால் வேகிறது.
பம்பலப்பிட்டியில் நிறுத்தினார்கள்.
கொண்டக்டர் ஈரத்துணியைக் கையில் சுற்றி,
முன்னுக்குப் போய் மூடியைத் திருகினான்.
வெள்ளையாய்ச் சீறிக்கொண்டு எழும்பியது ஆவி.
ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானைச் சரித்துக்கொண்டே
"ரேடியேட்டர்" என்றான், எல்லோருக்கும் பொதுவாக.

நான் கம்பளிச் சட்டையைக் கழற்றவும் மறந்து
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாய் வரைக்கும் வந்துவிட்டது:
மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா?