நீடாமங்கலம் கேட், கேள்வி பதினான்கு

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
இருபத்தைந்து நிமிஷம் நிச்சயம்.
சரக்கு ரயிலுக்கு என்ஜின் கழற்றி மாட்டினால்
நாற்பது.
அதனால்தான் இங்கே நிற்கிறேன்.
ஓடிப்போக முடியாதவர்களிடம்
கருத்துக் கேட்பது சுலபம்.

ஒரு படிவத்துக்கு முப்பத்தெட்டு ரூபாய்.
கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை.
உணவில் நானோ தொழில்நுட்பம்:
பொதுமக்கள் மனப்பான்மை.
விளக்கத்தை முதலில் வாசிக்கணும்,
ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.
ஒரு தலைமயிரை
எண்பதாயிரம் கீற்றாக நெடுக்கே வகுந்தால்
அதில் ஒரு கீற்று.

"யாரு வகுந்தா?" என்கிறார் வைரக்கண்ணு.
டிராக்டரில் நூற்றிப்பத்து மூட்டை,
ஈரப்பதம் பதினெட்டு என்று
கொள்முதல் நிலையம் திருப்பி அனுப்பிய நெல்.
"பதினேழுன்னா எடுத்துக்குவான்.
அந்த ஒண்ணு
ஒங்க மயிரை விடச் சின்னதா, பெருசா?"
யூரியா மூட்டை கேட்கப் போனவர் தலையில்
அரை லிட்டர் நானோ பாட்டிலும் கட்டினார்களாம்.
தெளித்தாரா? தெளித்தார்.
விளைந்ததா? விளைந்தது.
பாட்டிலாலா?
"மேட்டூரைப் போயிக் கேளு."
என்னிடம் இருப்பது ஐந்து கட்டம்.
முற்றிலும் ஏற்கிறேன் என்பதிலிருந்து
அறவே ஏற்கவில்லை வரை
எதிலும் மேட்டூர் இல்லை.

"நானோ" என்றதும்
"நீங்களேதான்!" என்று சிரிக்கிறான்
பரோட்டாக் கடைக்கு மைதா ஏற்றிப்போகிற பையன்.
காலையிலிருந்து இதே நகைச்சுவை
மூன்றாவது தடவை.
சிரித்துவைத்தேன்.
அவன் பெயர் கேட்க மறந்துபோச்சு.

பால் உறையின் உள்பக்கம்
நானோ வெள்ளி பூசினால்
இன்னும் இரண்டு நாள் கெடாமல் இருக்கும், ஏற்பீர்களா?
"வெள்ளியா?"
தையல்நாயகி தன் கணுக்காலைப் பார்க்கிறாள்.
கொலுசு ஆடியிலேயே
அடகுக் கடைக்குப் போய்விட்டது.
"எத்தனை பாக்கெட்டு சுரண்டுனா
ஒரு ஜோடி மீக்கலாம்?"
பிறகு அவளாகவே ரேஷன் அரிசிக்குப் போனாள்.
சத்து சேர்த்ததாகச் சொல்லிக் கலந்த மணி,
மத்ததெல்லாம் முழுகும்போது
அது மட்டும் மிதக்குமாம்.
பிளாஸ்டிக்கு என்றார்கள் தெருவில்.
பொறுக்கிப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாள்.
கோழி தின்றது, முட்டையும் விட்டது.
"அப்புறந்தான் புள்ளைக்குப் போட்டேன்."
இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

கூத்தாநல்லூர் ஹபீபுன்னிசா
ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி
என்னிடமே கேள்வி கேட்டார்.
சத்தை அடைத்துவைக்கும் அந்தக் குட்டிக் கொழுப்பு
எந்தப் பிராணியோடது?
படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
எழுதியிருக்கவில்லை.
"கண்ணுக்குத் தெரியாததுன்னா
இன்னும் நல்லா விசாரிக்கணும்ல மா."

ரயில் போனது. கேட் ஏறியது.
ஹாரன்கள் எல்லாம் ஒரே நேரத்தில்
கருத்துச் சொல்லின.

மன்னார்குடி பஸ்ஸில் மணவாளன் சார் போன்.
"கருத்து இல்லைன்னு நாப்பத்தோரு சதவீதம் வருது மா.
இருபதுக்குள்ள கொண்டாந்துடு.
கம்பெனி நம்ப மாட்டான்."
கருத்து இல்லை என்று போட்டது நான்தான்.
கட்டத்தில் அடங்காத அத்தனை பேரையும்
அங்கேதான் தள்ளிவிட்டிருந்தேன்.
நீங்களேதான்
என்று அந்தப் பையன் சிரித்தது
இப்போது உறைக்கிறது.

வைரக்கண்ணு: ஓரளவு ஏற்கிறேன்.
தையல்நாயகி: ஏற்கிறேன். கோழி சாட்சி.
ஹபீபுன்னிசாவுக்கு மட்டும்
விரல் ரொம்ப நேரம் அந்தரத்தில் நின்றது.
வடுவூர் தாண்டும் முன்
பத்தொன்பதுக்கு வந்துவிட்டேன்.

கேள்வி பதினான்கு மட்டும் அப்படியே கிடந்தது.
இதற்கு முன், நீங்கள் சாப்பிடுவதைப் பற்றி
யாராவது உங்களிடம் கருத்துக் கேட்டதுண்டா?
அதற்குத்தான் எல்லோரும்
யோசிக்காமல், ஒரே சொல்லில்,
இல்லை.

அனுப்பு என்பதை அமுக்கினேன்.
சிக்னல் இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது.
பஸ் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது.
எங்கேயோ ஒரு தார்ப்பாயின் கீழே
பதினெட்டு
பத்தொன்பது ஆகிக்கொண்டிருக்கும்.