ஈரப்பதம்

பதினேழுக்கு மேல் போனால் வாங்கமாட்டார்கள்.
கருவியின் கிண்ணத்தில் ஒரு பிடி நெல் போட்டால்
சிவப்பு எண் ஓடி ஓடி
இருபத்தொன்றில் நிற்கிறது.
தை பிறந்தும் விடாத மழை.
கொள்முதல் நிலைய வாசலில்
தார்ப்பாய்க்கு அடியில் நாலாயிரம் மூட்டை
சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த நாலு சதவீதத்தைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பதுதான்
என் வேலை.
சங்கத்துச் சம்பளப் பட்டியலில் "தொடர்பு அலுவலர்".
ஊர் வாயில்
"ஆளைப் பிடிச்சுக் காரியம் முடிக்கிற பொண்ணு".
பிடிப்பது நானில்லை என்று
யாரிடம் போய்ச் சொல்ல.

மூன்றாவது சந்திப்பில்
மனுவோடு சேர்த்து என் விரல்களையும் வாங்கிக்கொண்டார்.
திருப்பித் தரக் கொஞ்சம் நேரமானது.
"இதெல்லாம் ஆபீசுல பேசித் தீராதும்மா.
ராத்திரி எட்டு மணிக்கு விருந்தினர் மாளிகைக்கு வாங்க.
ஃபைலோட."
அந்த "ஃபைலோட"வுக்கு முன்னால்
சின்னதாய் ஓர் இடைவெளி.
பதினோரு வருஷமாக
இடைவெளிகளை வாசிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

செயலாளர் மாசிலாமணி கெட்டவர் இல்லை.
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:
"கொஞ்சம் அனுசரிச்சு...
நாலாயிரம் மூட்டைம்மா."
எந்தத் தராசில் என்னை ஏற்றினார் என்று
அவருக்கே தெரிந்திருக்காது.

சட்டம் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன்.
தொட்டவர் என் முதலாளி இல்லை.
நான் அவருடைய ஊழியர் இல்லை.
பத்துப் பேர் வேலை செய்தால் உள்ளேயே ஒரு குழு,
எங்கள் சங்கத்தில் ஆறு பேர்.
அப்படியென்றால் மாவட்டக் குழு,
திருவாரூர், கலெக்டர் ஆபீஸ்.
எந்த அறை என்று கேட்டதற்கு
மூன்று பேர் மூன்று மாடியைக் காட்டினார்கள்.

ஏழரைக்கு நீடாமங்கலம் கேட் விழுந்தது.
சரக்கு ரயில். உள்ளே நெல்தான்.
முன்னே போகிறது, பின்னே வருகிறது,
பெட்டியைக் கழற்றுகிறது, மாட்டுகிறது.
எல்லாரும் கேட்டைத் திட்டினார்கள்.
நான் ஒருத்திதான்
இன்னும் கொஞ்சம் நில்லேன் என்று ரயிலிடம் கெஞ்சியது.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
ஜெசிந்தாவுக்கு போன் போட்டேன்.
அரிசி ஆலைக்காரர்களுக்காக இதே கதவுகளைத் தட்டுகிறவள்.
"எட்டு மணிக்கு வரச் சொல்றார்" என்றேன்.
யார், எங்கே என்று அவள் கேட்கவில்லை.
"போன வருஷம் எனக்கு ஒன்பது."

கேட் திறந்தது.
வண்டியைத் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூத்தாநல்லூரில், மெஹருன்னிசா வீட்டில்
நாலு பேர்.
மெஹருன்னிசாவுக்கு உரக் கம்பெனி.
இறால் பண்ணைக்காரர்களுக்காக வேதாரண்யத்திலிருந்து ஒருத்தி.
எங்களை அனுப்புகிறவர்கள் நேரில் சந்தித்தால்
சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள்.
தட்டில் தம்ரூட் தொடாமல் கிடந்தது.
இருநூறு பக்க நோட்டில் எழுதினோம்:
தனியாகப் போவதில்லை, பகலில்தான் போவது,
கதவு திறந்திருக்க வேண்டும்.
துணைக்கு ஆளில்லையென்றால்
எதிர்ச் சங்கத்துக்காரியே வருவாள்.
போன நேரம், வந்த நேரம், சொன்ன வார்த்தை,
நடுவில் விட்ட இடைவெளி உட்பட.
அடியில்
அனுப்புகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மாசிலாமணி இரண்டு நாள்
நோட்டைத் தொடாமல் மேஜையில் வைத்திருந்தார்.
மூன்றாம் நாள் போட்டார்.
ஓரத்தில் வெற்றிலைக் கறை.

அடுத்த முறை, நண்பகல்.
அங்கே ஒரு நாற்காலிதான் போட்டிருந்தது.
ஜெசிந்தாவும் நானும் நின்றே பேசினோம்.
நோட்டைப் பிரித்து மணி குறித்தேன்.
"இது என்னம்மா?"
"பதிவேடு சார்."
மனுவை அன்றைக்கு
ஓரத்தில் பிடித்து வாங்கினார்.

தளர்வு உத்தரவு வர ஒன்பது நாளானது.
எட்டு மணிக்குப் போயிருந்தால்
மறுநாளே வந்திருக்குமா, தெரியாது.

ரிஷியூர் சின்னப்பிள்ளை வந்து
என் மேஜைமேல் ஒரு பிடி நெல் வைத்தார்.
நகக்கண் நீளத்துக்கு வெள்ளை முளை.
"நூத்திப்பத்து மூட்டை" என்றார்.
காரணம் சொல்ல வாயெடுத்தேன்.
நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதையும் எழுதியிருக்கிறேன், தேதி போட்டு.
என்ன சொன்னார் என்ற இடத்தில்
ஒன்றும் இல்லை.
இந்த இடைவெளியை மட்டும்
எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.