மூடிக்குள்

இரும்புக்கடை ஆ கியோங் எடை போட்டுத் தந்தது:
பழைய ரேஸ் எஞ்சின், கிலோ ஒரு வெள்ளி.
கூடவே சும்மா ஒரு போட்டோ.

பீடோர் திடல், முப்பத்தெட்டாம் வருஷம்.
மூன்றாவதாக வந்த துரை, கோப்பையோடு.
தொப்பிக்காகக் காற்றோடு மல்லுக்கட்டும் துரைசானி.
எல்லாரும் கேமராவைப் பார்க்க
ஒருவன் மட்டும்
பானட்டில் காதை வைத்திருக்கிறான்.

பின்பக்கம் பென்சிலில் பெயர்கள்.
நாய்க்குக்கூட உண்டு.
அவனிடத்தில்: கூலி.

பந்தயத்துக்குப் பிறகு நாற்பது வருஷம்
கித்தா ஷீட் உருட்டியிருக்கிறது இது.
வால்வு மூடியைக் கழற்றினேன்.
கரிக்கு அடியில், ஆணியால் கீறியது:
"நாலாவது இருமுது. சொன்னேன். கேக்கல.
சடையாண்டி."

பெட்ரோல் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினேன்.
செம்பனை லாரிகள் போய் முடியும்வரை பொறுத்து
காதை வைத்தேன்.

ஆமாம், சடையாண்டி.
நாலாவதுதான்.