தசமப் புள்ளிக்குப் பின்னால்

பாரமட்டாவில், ஒன்பதாம் மாடியில்,
இன்று பட்டைகள் வரைந்தேன்:
ஆங்கில வம்சாவளி நீலம்,
ஆசிய வம்சாவளி செம்மஞ்சள்.
பட்டப்படிப்பில் நாங்கள் ஒரு முழம் உயரம்.
மேலாளர் நாற்காலிப் பக்கத்தில்
செம்மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது.

வீட்டில் குழாய் ஒழுகியது.
கீத் வந்தார், பத்தாவதோடு பள்ளியை விட்டவர்.
இருபது நிமிடம், இருநூற்று நாற்பது டொலர்.
முதுகலை முடித்த சபேசன்
இரவு ஷிப்டுக்குச் சப்பாத்து மாட்டியபடியே
எண்ணிக் கொடுத்தார்.

"நீங்கள் நீலம்தானே?" என்று கேட்டுவிட்டேன்.
"அம்மா வழியில் சீனர்,
தங்கம் தோண்ட வந்தவர்கள்" என்றார்
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு.
"படிவத்தில் எழுதுவதில்லை.
அம்மாவும் எழுதியதில்லை."

சபேசனின் கார் கிளம்பியது.
குழாய் சொட்டவில்லை.
கணினியைத் திறந்தால்
தசமப் புள்ளிக்குப் பின்னால்தான்
ஏதோ கசிகிறது.